மாத்திரைக்கு இரண்டு நாள் லீவு

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது இருக்கிற நர்ஸ் பெண்கள் ஓர் ஆண்டு மலர் வெளியிடுகிறார்களாம். "மேடம், சாதாரணமா குடுக்கிற மருந்து வகைகள், அதைக் குடுக்கும்போது நர்ஸ் என்னென்ன கவனிக்கணும், இதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று போனில் கேட்டார்கள். வாய் சும்மா இருக்கிறதா, சரி என்று சொல்லிவிட்டேன். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. மருந்தின் பெயரைத் தட்டினால் அதன் வகை, அளவு, பக்கவிளைவு எல்லாம் அவர்கள் கையில் இருக்கும் போனிலேயே வரிசையாக வந்து நிற்கிறது. அதையே நான் மறுபடி எழுதி யாருக்கு என்ன லாபம்? என்னிடம் இருப்பது வேறு. அதை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது, வேண்டுமானால் வெட்டிக்கொள்ளட்டும்.

நான் பெங்களூர் ஜோகுபாளையத்துக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், கடைத்தெருவில் உருதும் கலந்த ஏதோ ஒன்று. நர்சிங் படித்த மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மருந்தியல் பாடத்தில் வகை வகையாக மனப்பாடம் செய்தோம், பரீட்சையில் ஒப்பித்தோம், மறந்தோம். பிறகு குழந்தைகள் வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று சுற்றிவிட்டு 1991-இல் பெண்கள் பொது மருத்துவ வார்டுக்கு மாற்றலாகி வந்தேன். அப்போதே எனக்கு முப்பது தாண்டிவிட்டது. தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பும் கூடவே வந்தது.

அந்த வார்டின் பொறுப்பு சிஸ்டர் சுசீலம்மாவிடம் இருந்தது. தும்கூர்ப் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, யாரையும் முழுதாகப் பேசவிடாத சுபாவம். கட்டிலில் நர்ஸ் உட்காரக் கூடாது, மருந்து வண்டியைத் தள்ளும்போது யாரோடும் பேசக் கூடாது, ஒரு நோயாளி மாத்திரையை விழுங்கியதைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்கு நகரக் கூடாது. இப்படி நிறைய கூடாதுகள். எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் அந்தத் தமிழுக்குள் கன்னடம் சொந்த வீட்டில் நடமாடுகிற மாதிரி வந்து போகும்.

முதல் நாள் காலை நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு முதல் கட்டிலுக்குப் போனேன். வயதான ஓர் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை. கிண்ணத்தில் எடுத்துப் போட்டேன். பக்கத்தில் வந்து நின்ற சிஸ்டர், "இது ஏன் மாடிசுத்தே?" என்று கேட்டார்.

கன்னடம் எனக்குத் தெரியாததா என்ன. ஆனாலும் "ஏன்" என்று காதில் விழுந்த மாத்திரத்தில் நான் அசல் தமிழச்சி ஆகிவிட்டேன். இந்த அம்மாவுக்கு ரத்த அழுத்தம் அதிகம், அதனால் டாக்டர் எழுதியிருக்கிறார், இது ரத்தக் குழாயைத் தளர்த்தும் என்று காரணம் சொல்ல ஆரம்பித்தேன்.

"யாக்கேன்னு நான் கேட்டேனா?" என்றார் சிஸ்டர். "யாக்கே எல்லாம் டாக்டர் பாத்துக்குவார். இது உள்ள போனா இந்தம்மாவ ஏன் மாடிசுத்தே, அத சொல்லு."

கன்னடத்தில் "யாக்கே" என்றால்தான் ஏன். "ஏன்" என்றால் என்ன. "மாடுத்தே" என்றால் செய்யும், "மாடிசுத்தே" என்றால் செய்ய வைக்கும். மாத்திரை இந்த மனுஷியை என்ன செய்ய வைக்கும் என்பதுதான் கேள்வி. வார்டுக்கு வரும் தமிழ்ப் பெண்கள் ஒவ்வொருத்தியும் முதல் நாள் இதே குழியில் விழுந்து எழுந்தவர்கள்தான் என்று பிறகு தெரிந்தது.

"எழுந்திருக்கும்போது தலை சுத்தும் சிஸ்டர்."

"சுத்தினா?"

"விழுவாங்க."

"விழாம இருக்க?"

"கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் உக்கார வச்சு, அப்புறமா எழுப்பணும்."

"ஈக ஸரி, இப்ப சரி. குடு."

புத்தகத்தில் மருந்துகளுக்கு ஒரு வகைப்பாடு உண்டென்றால் சிஸ்டருக்குத் தனியாக ஒன்று இருந்தது. தள்ளாட வைக்கும் மருந்து, தூங்க வைக்கும் மருந்து, சோறு கேட்கும் மருந்து, ரத்தம் நிற்காமல் போக வைக்கும் மருந்து, பயப்பட வைக்கும் மருந்து. கடைசி வகையில் காசநோய் மாத்திரை வரும். ஜீவனஹள்ளியிலிருந்து வந்த புதுப்பெண் ஒருத்தி அதைச் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் செக்கச்செவேல் என்று போனதைப் பார்த்து, ரத்தமாகப் போகிறது, தன் கதை முடிந்தது என்று கழிப்பறையிலேயே மயங்கி விழுந்தாள். அந்த மாத்திரை அப்படித்தான் நிறம் மாற்றும், ஆபத்து ஒன்றும் இல்லை. இதை முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாள். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே கதைதான், மலம் கறுப்பாகப் போகும். சொல்லாமல் கொடுத்தால் பாதிப் பேர் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

சோறு கேட்கும் மருந்து என்பது இன்சுலின். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும் என்பது பாடம். சாப்பாட்டு வண்டி வார்டு வாசலுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும் என்பது சிஸ்டர் சட்டம். ஒரு நாள் மதியம் லிஃப்ட் நின்றுபோய்ச் சாப்பாட்டு வண்டி நடுவில் மாட்டிக்கொண்டது. டியூட்டி டாக்டர் வந்து, மணி ஆகிவிட்டது, ஏன் இன்னும் இன்சுலின் போடவில்லை என்றார். "ஊசி என் கையில, சாம்பார் லிஃப்ட்ல. நடுவுல இவங்க மயங்கி விழணுமா சார்?" என்று கேட்டுவிட்டு, சிஸ்டர் வாசலில் போய் நின்றுகொண்டார். வண்டி வந்து சேரும்வரை நகரவில்லை. டாக்டரும் சிரித்துக்கொண்டே அவர் பக்கத்தில் நின்றார்.

இனி சொல்ல வேண்டியது இதய மாத்திரை. டிஜாக்சின் என்று பெயர். பலவீனமான இதயத்தை நிதானமாக, அழுத்தமாகத் துடிக்க வைக்கும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இதற்கு இடைவெளி மிகக் குறைவு. கொஞ்சம் கூடினாலும் துடிப்பை மெதுவாக்கி, தாறுமாறாக்கி, நிறுத்தியே விடும். அதனால் கொடுப்பதற்கு முன் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே போனால் மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற கெட்டிக்காரத்தனத்தை சிஸ்டர் ஒருத்தியிடமும் பொறுத்துக்கொண்டதில்லை. "அரை நிமிஷத்துக்கு அப்புறம் அவ நெஞ்சு நின்னுபோனா உன் கணக்குல அது தெரியுமா?" என்பார்.

இந்த மாத்திரை உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். தினமும் கொடுத்தால் சேர்ந்துகொண்டே போகும் என்று எங்கள் டாக்டர்கள் வாரத்தில் ஐந்து நாள் மட்டும் எழுதுவார்கள். இதை எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிக்கு எப்படிப் புரிய வைப்பது? எங்கள் வார்டில் அதற்கு ஒரு வாசகம் இருந்தது. "சனி ஞாயிறு இந்த மாத்திரைக்கு லீவு." தமிழ் பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், உருது பேசுகிறவர் எல்லோருக்கும் லீவு புரியும். கேட்டதும் சிரிப்பார்கள், சிரித்தால் மறக்க மாட்டார்கள். சிஸ்டருக்கே அந்த வாசகம் பிடித்தமானது.

அஞ்சலைக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பினோம்.

அஞ்சலை ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்தவள். தெரு கூட்டும் வேலை, ஒரு காண்ட்ராக்டரிடம். நாற்பது வயதுதான் இருக்கும், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகியிருந்தது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு விட முடியாமல் வந்தவளை எங்கள் வார்டில் தேற்றி, இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்பினோம். ஒன்று நெஞ்சு மாத்திரை, வாரத்தில் இரண்டு நாள் லீவு. இன்னொன்று நீர் மாத்திரை. உடம்பில் கோத்துக்கொண்ட நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. தினமும் காலையில் ஒன்று. ஏன் காலையில் என்றால், ராத்திரி கொடுத்தால் எழுந்து எழுந்து போக வேண்டும், தூக்கம் கெடும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இது இருக்கும். சரியான விஷயமும்கூட.

சில மாதம் கழித்து அவளை மருமகள் ரேவதி ஆட்டோவில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். சோறு இறங்கவில்லை, குமட்டல், வாந்தி, நடக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமாக, பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றாள். "செவுரு மஞ்சளா கீது. உங்க வெள்ள சேலகூட மஞ்சளா கீது சிஸ்டர்."

காமாலை வந்தவருக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று நம் ஆட்களில் நம்பாதவர் யார்? குழந்தையிலிருந்து காதில் விழுகிற பேச்சு அது. அதனால் ரேவதியும் அக்கம்பக்கத்தவரும் யோசிக்கவே இல்லை. தினம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். உப்பை நிறுத்தி, எண்ணெயை நிறுத்தி, மோர்ச்சோறு மட்டும் கொடுத்தார்கள். அதுவும் வயிற்றில் தங்கவில்லை. முடியாமல் போனபோதுதான் எங்களிடம் வந்தார்கள். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கும் முதலில் காமாலை என்றுதான் பட்டது. வெளிநோயாளிப் பிரிவிலும் ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை எழுதி, அதன் முடிவு வரும்வரை பழைய மாத்திரைகளைத் தொடரச் சொல்லி மேலே அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை வண்டியோடு அவள் கட்டிலுக்குப் போனேன். இமையை விலக்கிப் பார்த்தால் கண் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. மஞ்சள் அவள் பார்வையில்தான் இருந்தது, கண்ணில் இல்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தேன். எண்ண ஆரம்பித்தேன். இரண்டு துடிப்பு, அப்புறம் ஒன்றும் இல்லை, அப்புறம் ஒன்று, அப்புறம் அவசரமாக இரண்டு. நிமிடம் முடிந்தபோது நாற்பத்துநாலு. மாத்திரையை எடுத்து வண்டியிலேயே போட்டுவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவரும் ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். மேல்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் ஈசிஜி மெஷினைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். காகிதம் வெளியே வர வர அவர் முகம் மாறியது.

"இது காமாலை இல்ல சிஸ்டர். டிஜாக்சின் விஷமாயிருக்கு. கண்ணுக்கு மஞ்சளா தெரியிறது அதனாலதான். நானும் படிச்சதோட சரி, இன்னைக்குத்தான் நேர்ல பாக்கிறேன்" என்றார்.

நானும் படித்திருக்கிறேன். மஞ்சளாகத் தெரிவது அந்த மருந்து கூடிப்போனதன் அறிகுறி என்று பரீட்சையில் எழுதியும் இருப்பேன். ஆனால் அஞ்சலையின் வாயிலிருந்து அது தமிழில் வந்தபோது என் மூளையும் தமிழில்தான் யோசித்தது, நேரே காமாலைக்குப் போனது.

ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. அது குறைந்தால் டிஜாக்சின் இன்னும் வெறி பிடித்து ஆடும். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எந்த நேரமும் இதயம் நிற்கலாம், அசையவிடாதீர்கள் என்றார். நெஞ்சு மாத்திரை நின்றது. நீர் மாத்திரையும் நின்றது. பொட்டாசியம் மருந்து ஆரம்பமானது. அந்த சிரப்பைப் போலக் குமட்டுகிற மருந்து உலகத்தில் கிடையாது. வெறும் வயிற்றில் கொடுத்தால் அப்படியே வெளியே வரும். ஜூஸில் கலந்து, ஏதாவது சாப்பிட வைத்து, மெதுமெதுவாகக் கொடுக்க வேண்டும். குடிப்பதற்குள் அவளும் நானும் வியர்த்துப்போவோம்.

அஞ்சலையின் கவலையோ வேறு. "திங்கக்கெழம தெருவுக்குப் போவலன்னா மேஸ்திரி என் தெருவ வேற ஆளுக்குக் குடுத்துருவான் சிஸ்டர். என்ன வுட்டுருங்க" என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"உயிரே ஊசலாடுது, தெரு ஒரு கேடா?" என்று சிஸ்டர் சுசீலம்மா அதட்டினார்.

"அந்தத் தெருவுலதான் சிஸ்டர் எங்க வூட்டு சோறு கீது" என்றாள் அவள்.

கடைசியில் ரேவதி மாமியாருக்குப் பதிலாகத் தெரு கூட்டப் போனாள். மேஸ்திரி முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டான், ஆனால் ரொம்ப நாள் பொறுக்க மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். வேலை முடிந்து மதியம் ரேவதி வந்ததும் படுத்த இடத்திலிருந்தே விசாரணை நடக்கும். "ஸ்கூல் கேட்டாண்ட மூல கீதே, அத அள்ளுனியா? எல தேங்கும் அங்க." அள்ளினேன் அத்தே என்பாள் ரேவதி. நம்பாத முகத்தோடு அஞ்சலை கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரங்களில்தான் இவள் பிழைத்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றும்.

புதிர் மட்டும் அப்படியே இருந்தது. எழுதிக் கொடுத்த அளவு சரியான அளவு. அதில் விஷமாக நியாயமில்லை. "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டியா?" என்று பெரிய டாக்டர் கேட்டார். இளம் டாக்டர் கேட்டார். சிஸ்டர் இரண்டு மொழியிலும் கேட்டார். நானும் கேட்டேன். "சாப்ட்டேன்" என்றாள் எல்லோரிடமும். "ஒண்ணுகூட விடலையே?" என்றால் "விடல" என்றாள். கண்ணை நேரே பார்த்துத்தான் சொன்னாள்.

ஒரு வழியாகத் துடிப்பு சீரானது. சேலை வெள்ளையாகத் தெரிகிறது என்றாள். ஆனால் நீர் மாத்திரையை நிறுத்தியதால் கால் மறுபடி வீங்கத் தொடங்கியது. பொட்டாசியம் ஏறிவிட்டதால் அதை மட்டும் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் எழுதினார். காலை எட்டு மணிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கையில் வாங்கிக்கொண்டாள், வாயில் போடவில்லை.

"சிஸ்டர், கக்கூஸ் காலியா கீதா?"

"மொதல்ல முழுங்கு. அப்புறம் போகலாம்."

"இல்ல சிஸ்டர். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்பறம் போட்டுக்கறேன்."

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது. வந்து சொன்னேன். உடனே விழுங்கினாள். விழுங்கியதைப் பார்த்தாயிற்று, சட்டப்படி நான் அடுத்த கட்டிலுக்கு நகர வேண்டும். கால் நகரவில்லை. இது ஏன் மாடிசுத்தே? போக வைக்கும். எங்கே போவாள்? அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. சிஸ்டர் பார்த்தால் திட்டுவார் என்று தெரிந்தும் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அஞ்சலை, வீட்ல இத எப்போ சாப்பிடுவே?"

"ஞாயித்துக்கெழம."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல எப்பிடி சிஸ்டர்? ஆறு மணிக்குத் தெருவுக்குப் போனா வூட்டுக்கு வர ரெண்டு ஆவுது. இதப் போட்டா அர மணிக்கு ஒருதரம் வருது. எங்க போவேன் நானு? ஆம்பளைங்க செவுத்தோரம் நின்னுக்கறாங்க. மாடி மாடியா வூடு கீது, எந்த வூட்லயாவது எனக்குக் கதவ தொறப்பாங்களா? அந்த பயத்துல நான் தண்ணியே குடிக்கறதில்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை எத்தன போடுவே?"

"வாரத்துக்கு உள்ளது மொத்தமும். காலைல மூணு, மத்தியானம் மூணு, சாயங்காலம் ஒண்ணு. அன்னிக்கு லீவு. நாள் பூரா எங்க லைன் வூட்டுப் பொதுக் கக்கூஸ் பக்கத்துலயே ஒக்காந்துக்குவேன்."

ஒரே நாளில் ஏழு. பொட்டாசியம் எந்த வழியாகப் போனது என்று புரிந்தது. அடுத்த கேள்வியைக் கேட்டேன். "நெஞ்சு மாத்திரை?"

"அது தெனமும்."

"சனி ஞாயிறு லீவுன்னு சொன்னோமே."

"சொன்னீங்க. நெஞ்சுக்குப் போய் எப்பிடி சிஸ்டர் லீவு வுடறது, பயமா இருக்காதா? ஒரு மாத்திரைக்கு லீவு வுட்டா தப்பில்லன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் அந்த லீவ இதுக்கு மாத்திட்டேன்."

"இதையெல்லாம் ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சாப்ட்டியான்னு கேட்டீங்க. சாப்ட்டேன். எப்போன்னு யாரும் கேக்கல."

அவள் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மாடி மாடியாக வீடு கட்டிக்கொண்டு வாசலைக் கூட்டுகிறவளுக்குக் கதவைத் திறக்காதவர்கள் மேல் வந்தது. எட்டு மணியை எல்லோருக்கும் எட்டு மணி என்று நினைத்துக்கொண்ட எங்கள் மேலும் வந்தது. அழுகையும் வந்தது. வார்டில் அழக் கூடாது என்பதும் சிஸ்டரின் கூடாதுகளில் ஒன்று.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "கட்டில்ல உக்காந்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஸரி" என்றார்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது சிஸ்டரே சொன்னார். டாக்டர் அஞ்சலையின் சீட்டை வாங்கிப் பார்த்தார். "காலையில்னு எதுக்காக எழுதறோம்? ராத்திரி தூக்கம் கெடக் கூடாதுன்னு. மத்தியானம் ரெண்டரைக்குப் போட்டா தூங்கறதுக்குள்ள அடங்கிடும். இத எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து எட்டை அடித்துவிட்டு இரண்டரை என்று எழுதினார். அந்த ஒரு அடித்தல்தான் வைத்தியம். மற்றதெல்லாம் அதுவரை அவளை உயிரோடு வைத்திருக்க நாங்கள் பட்ட பாடு.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சிஸ்டரே உட்கார்ந்து மாத்திரைகளை விளக்கினார். லீவு என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. "சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை இந்த நெஞ்சு மாத்திரைய சாப்பிடக் கூடாது. சாப்பிட்டா மறுபடி எல்லாம் மஞ்சளா தெரியும்" என்றார். அஞ்சலை தலையாட்டினாள். தெரு அவளிடமே இருந்தது. ரேவதி சுமாராகத்தான் கூட்டியிருந்தாள் என்று அடுத்த முறை வந்தபோது அஞ்சலை புகார் சொன்னாள். பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில் பலூன் வைத்து அவள் வால்வைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பல வருடம் கழித்து மல்லேஸ்வரத்தில் ஒரு பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, மூச்சு வாங்கவில்லை. நலம் விசாரித்து முடிப்பதற்குள், "மணி ரெண்டர ஆச்சா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வார்டில் மாத்திரை கொடுத்து அனுப்பும்போது, "இத சாப்பிடற நேரத்துல நீ எங்க இருப்பே?" என்று கேட்பது பழக்கமானது. கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, எத்தனை அஞ்சலைகள் என்று. கார்மெண்ட்ஸில் தைக்கிற பெண்கள், நடைபாதையில் பூ கட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். நீர் மாத்திரையை ஒளித்துவைத்தவர்கள் எல்லோருமே நல்ல பெண்கள், வாய் தவறிக்கூடப் பொய் சொல்லாதவர்கள்.

சிஸ்டர் சுசீலம்மா இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. போன வருடம் எனக்கே ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, நீர் மாத்திரை வந்து சேர்ந்தது. சீட்டு கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது, அழகான எழுத்தில் காலை எட்டு மணி என்று போட்டு. செவ்வாயும் வெள்ளியும் நான் இரண்டு பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போகிறேன். நெரிசல் எப்படி என்று பெங்களூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு நாளும் என் மாத்திரைக்கு லீவு.

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த நர்ஸ் சின்னப் பெண், சுத்தமான யூனிஃபார்ம், கனிவான குரல். ரத்த அழுத்தம் பார்த்தாள், கொஞ்சம் ஏறியிருந்தது. "மாத்திரை எல்லாம் சாப்பிடறீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"சாப்பிடறேன்மா."

"குட்" என்று கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். அடுத்த நாற்காலியில் இருந்தவர் பக்கம் திரும்பினாள். 'சாப்பிடறேன்' என்று எனக்குக் கேட்டது என் குரல் இல்லை, அஞ்சலையின் குரல். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன்.

"எப்போன்னு கேளும்மா" என்றேன்.

அவள் புரியாமல் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "எப்போ சாப்பிடறீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

சொன்னேன்.